வில்லுக்குப் பாம்புத் தோல்: எதை வாங்குவது, எப்படி ஒட்டுவது?

கேள்வி: நானே செதுக்கிய மர வில்லின் முதுகில், அதாவது எய்யும்போது இலக்கை நோக்கியிருக்கும் பக்கத்தில், பாம்புத் தோல் ஒட்ட விரும்புகிறேன். பச்சையாக உலர்த்தியது, கிளிசரினில் ஊறவைத்தது, தொழிற்சாலையில் பதனிட்டது என மூன்று வகை விற்கிறார்கள். பதனிட்டதுதான் விலை கூடுதல். அதுதான் நீண்ட நாள் உழைக்குமா?

பதில்: பைக்கும் இடுப்புவாருக்கும் உழைக்கும். வில்லுக்குப் பச்சையாக உலர்த்திய தோலே சிறந்தது. காய்ந்த நிலையில் அது காகிதம்போல் விறைப்பாக, அரைகுறை ஒளி ஊடுருவும்படி இருக்கும். நனைத்தால் மெல்லிய துணிபோல் இளகி மரத்தின் வளைவுக்கு ஏற்பப் படியும். காய்ந்ததும் பசையோடு இறுகிவிடும்.

கிளிசரின் காய்வதில்லை. தோலை மென்மையாக வைத்திருக்கும் அதே குணம்தான் பசை பிடிப்பதையும் கெடுக்கிறது. ஒட்டிய அன்று பழுதில்லாமல் தெரியும். சில மாதங்களில் ஓரம் கிளம்பத் தொடங்கும். தொழிற்சாலையில் பதனிட்ட தோல் தடிமனானது, ரப்பர்போல் இழுபடுவது, பெரும்பாலும் மேலே மெருகு பூசியது. வில்லின் நுனியில் தேவையற்ற எடை சேர்ந்தால் அம்பின் வேகம் குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஏற்கெனவே கிளிசரின் தோலை வாங்கிவிட்டீர்கள் என்றால், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் பலமுறை அலசிப் பாருங்கள். ஓரளவு கிளிசரின் வெளியேறும். முழுப் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

பாம்பு உரித்துப் போட்ட சட்டையைச் சிலர் கேட்கிறார்கள். அது மேல்தோலின் கொம்புப் படலம் மட்டுமே. நிறம் தரும் உயிரணுக்கள் அதன் அடியிலுள்ள தோலில் இருப்பதால், சட்டையில் கோலம் மிஞ்சினால் மங்கலான நிழலாகத்தான் தெரியும்.

கேள்வி: அளவு எப்படிக் கணக்கிடுவது? "நாலடித் தோல்" என்று மட்டும்தான் விற்பவர் சொல்கிறார்.

பதில்: நீளத்தைச் சொல்லி அகலத்தைச் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். எல்லாரும் அகலத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

66 அங்குல வில்லை எடுத்துக்கொள்வோம். நடுவில் பிடி 4 அங்குலம். அதற்கு மேலும் கீழும் வளையும் கைகள் ஒவ்வொன்றும் 31 அங்குலம். பிடிக்கு அடியில் இரண்டு தோல்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முடிய வேண்டும், நுனியிலும் கொஞ்சம் மிச்சம் வேண்டும். எனவே ஒவ்வொன்றும் குறைந்தது 34 அங்குலம், அதுவும் கழுத்தின் ஒடுக்கமான பகுதியைக் கழித்த பிறகு. கையின் மிக அகன்ற இடம் ஒன்றேமுக்கால் அங்குலம் என்றால் தோல் அங்கே இரண்டரை அங்குலமாவது இருக்கட்டும். பலகையில் ஊசி குத்தி வலுவாக இழுத்துக் காயவைத்த தோல், நீரில் போட்டதும் தன் பழைய அகலத்துக்குச் சுருங்கிவிடும். படத்தில் மூன்று அங்குலம் தெரிந்தது தொட்டியில் இரண்டரை ஆகும். செதில்களுக்கு இடையே வெற்றுத் தோல் கோடுகளாகத் தெரிந்தால், அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வயிற்றுப் பக்கம் வெட்டிய தோலா, முதுகுப் பக்கம் வெட்டியதா என்பதையும் கேளுங்கள். வயிற்றில் வெட்டியதில்தான் முதுகுக் கோலம் நடுவில் அறுபடாமல் வரும்.

ஒரே வில்லுக்கு இரண்டு தோல் வாங்கும்போது "ஜோடி" என்ற சொல்லை நம்பாமல் இரண்டையும் அருகருகே வைத்து எடுத்த படத்தைக் கேளுங்கள். ஒரே இனத்துப் பாம்புகளிலேயே ஒன்று பழுப்பாக, மற்றது சாம்பலாக இருக்கும்.

கேள்வி: தோல் நல்லதா, அசலா என்று கையில் வாங்கிப் பார்க்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மஞ்சளாக, எண்ணெய் ஊறிய காகிதம்போல் திட்டுகள் தெரிந்தால் கொழுப்பைச் சரியாகச் சுரண்டவில்லை. அங்கே பசை நிற்காது. சிறுசிறு துளைகள், ஓரத்தில் தூள் இருந்தால் வண்டு அரித்தது. செதில்கள் நிறத்தோடு சேர்ந்து திட்டாக உதிர்ந்திருந்தால், உரிப்பதற்கு முன்பே பாம்பு அழுகத் தொடங்கிவிட்டது. நனைத்ததும் இன்னும் உதிரும்.

அச்சுக் குத்திய மாட்டுத் தோலைப் பாம்புத் தோல் என்று தருவதும் உண்டு. வாலிலிருந்து தலைப்பக்கமாக நகத்தால் மெல்ல வருடுங்கள். அசலில் செதிலின் ஓரம் நகத்தில் தட்டும். அச்சில் பள்ளம் இருக்கும், தூக்கக்கூடிய ஓரம் இருக்காது. சாயம் ஏற்றியதா என அறிய, மூலையில் ஈரப் பஞ்சை ஒரு நிமிடம் அழுத்தினால் போதும்.

கேள்வி: ஒரு பண்ணையிலிருந்து உரித்த பச்சைத் தோலே கிடைக்கிறது. வீட்டில் பதப்படுத்த என்ன செய்ய வேண்டும்?

பதில்: உடனே செய்ய முடியாவிட்டால், சுருட்டிக் காற்றுப்புகாத பையில் உறைபெட்டியில் வையுங்கள். உப்புப் போடாதீர்கள். உப்பு எஞ்சினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே உப்பிட்ட தோல் என்றால் நீரை மூன்று நான்கு முறை மாற்றி அலசுங்கள்.

வேலை தொடங்கும்போது கையுறை அணியுங்கள். பாம்புகளின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருப்பது சாதாரணம். சமையல் பலகையையும் கத்தியையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். தோலை உட்புறம் மேலே வரும்படி வழுவழுப்பான பலகையில் விரித்து, மழுங்கிய கத்தியாலோ கரண்டியின் ஓரத்தாலோ தசையையும் வெண்ணிறச் சவ்வையும் கொழுப்பையும் சுரண்டுங்கள். கூரான கத்தி தோலைக் கிழித்துவிடும். தலையிலிருந்து வால் நோக்கிச் சுரண்டினால் செதில் குறைவாகவே கிளம்பும். பிறகு குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டுக் கசக்காமல் அலசி, நல்ல நீரில் மறுபடி அலசுங்கள்.

ஒட்டுவதற்கு வில் தயாராக இருந்தால் உலர்த்தவே வேண்டாம், ஈரத்தோடு நேரே ஒட்டலாம். இல்லையென்றால் செதில் பக்கம் கீழே வரும்படி பலகையில் வைத்து, இழுக்காமல் சுருக்கம் நீங்கும் அளவுக்கு மட்டும் ஊசி குத்தி, நிழலில் காற்றோட்டமாகக் காயவிடுங்கள். வெயில் வேண்டாம். காய்ந்தபின் வண்டு வராமல் உட்புறம் வெங்காரத் தூளைத் தூவிச் சுருட்டி வைக்கலாம். ஒட்டும் முன் அதைக் கழுவி எடுக்க வேண்டும்.

கேள்வி: நனைப்பது முதல் ஒட்டி முடிப்பது வரை முறையாகச் சொல்லுங்கள். முதல் முயற்சியில் தோல் சுருண்டு பாழாகிவிட்டது.

பதில்: சுருண்டதற்கு வெந்நீரே காரணமாக இருக்கலாம். தோலிலுள்ள புரதம் சூட்டில் சுருங்கி, பிறகு கூழாகும். விலங்குத் தோலிலிருந்து வஜ்ஜிரப் பசை காய்ச்சுவதும் இதே வழியில்தான். அறை வெப்ப நீரில் 15 முதல் 30 நிமிடம் ஊறவிட்டால் போதும், இளகிவிடும்.

வில் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இரண்டு கைகளும் சீராக வளையும்படி செதுக்கி முடித்து, நூறு அம்பாவது எய்து பார்த்த வில்லாக இருக்கட்டும். தோலை ஒட்டிவிட்டுப் பிறகு வளைவைத் திருத்தப் போனால் ஓரங்கள் பாழாகும். முதுகை 100 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, அசிட்டோனால் ஒருமுறை துடையுங்கள். அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள். பழைய மெருகோ எண்ணெயோ துளியும் இருக்கக் கூடாது. மரத்தில் கறையோ பென்சில் கோடோ இருந்தால் அது தோலின் வழியே தெரியும். நடுக்கோட்டை முதுகில் போடாமல் நுனியிலும் பிடியிலும் மட்டும் குறியிடுவது அதனால்தான்.

பசைக்கு இரண்டு நல்ல வழிகள். நீர் கலந்த மரப்பசையில் டைட்பாண்ட் 3 போன்ற ஈரம் தாங்கும் வகை, அல்லது வஜ்ஜிரம். வஜ்ஜிரத்தை 60 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருங்கள், கொதித்தால் வலுப்போகும். அது ஈரத்தில் இளகும் என்பதால் மேல்மெருகு கனமாக வேண்டும். தசைநார் ஒட்டிய வில்லுக்கு வஜ்ஜிரமே பொருத்தம். ஈரத் தோலுக்கு எப்பாக்ஸி வேண்டாம். தொட்டதும் பிடிக்கும் காண்டாக்ட் பசையும் வேண்டாம், கோலத்தை நேராக்க நகர்த்தவே விடாது.

தோலைத் துண்டுகளுக்கு இடையே வைத்து அழுத்தி நீரை எடுங்கள். ஈரமாக இருக்கலாம், சொட்டக் கூடாது. சொட்டினால் பசை நீர்த்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு கை மட்டும். மரத்திலும் தோலின் உட்புறத்திலும் மெல்லியதாகப் பசை தடவி, தலைப்பக்கம் பிடியிலும் வால்பக்கம் நுனியிலும் வரும்படி கிடத்துங்கள். தோல் ஒடுங்குவதும் வில் ஒடுங்குவதும் அப்போதுதான் ஒத்துப்போகும். முதுகெலும்புக் கோட்டை நடுவில் நிறுத்தி, விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, தலையிலிருந்து வாலுக்கு வழித்துப் பசையையும் காற்றையும் வெளியேற்றுங்கள். நீளவாக்கில் இழுக்காதீர்கள், கோலம் சிதையும். துணிக்கட்டுப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் கட்டின் தடம் ஈரத் தோலில் பதிந்துவிடும். முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து ஓரங்களை அழுத்திவிடுவது மேல்.

தொங்கும் ஓரத்தை ஈரத்தில் வெட்டாதீர்கள். காயும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும், மரம் வெளியே தெரியும். இரண்டு நாள் கழித்து விறைத்த ஓரத்தை, அரத்தை முதுகிலிருந்து கீழ்நோக்கி மட்டும் தள்ளி அராவினால் அது முறிந்து சுத்தமாக விழும். மேல்நோக்கி அராவினால் தோல் உரிந்து வரும்.

நாணேற்ற அவசரப்படாதீர்கள். ஈரப் பசையும் ஈரத் தோலும் மரத்துக்கு ஈரம் கொடுத்திருக்கும். ஈர மரத்தை வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். நான்கைந்து நாள் உலர்ந்த இடத்தில் கிடக்கட்டும்.

கேள்வி: மெருகு பூசிய பிறகு செதில்கள் ஒவ்வொன்றாகத் தூக்குகின்றன. மட்டமான தோலைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: விற்றவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. செதிலின் மேலுள்ள கண்ணாடிபோன்ற மூடி தளர்வாகத்தான் இருக்கும். வில் வளையும்போது அது கிளம்பி மெருகையும் சேர்த்துத் தூக்கும். தோல் காய்ந்து இறுகியதும், மெருகுக்கு முன், ஒட்டுநாடாவை அழுத்தி வாலிலிருந்து தலைப்பக்கமாக உரித்தால் தளர்ந்த மூடிகள் வந்துவிடும். மிச்சத்தை நகத்தால் எடுக்கலாம். நிறம் அடியில் இருப்பதால் கோலம் போகாது. சொரசொரப்பு மட்டும் கொஞ்சம் குறையும். கிலுகிலுப்பைப் பாம்புத் தோலில் செதிலின் நடுவே மேடு இருப்பதால் இந்த வேலை கூடுதல். மலைப்பாம்பின் செதில் வழுவழுப்பானது.

மெருகை மெல்லியதாகப் பலமுறை பூசுங்கள். வளைந்து கொடுக்கும் வகை வேண்டும், விறைத்து உடைவது கூடாது. முதல் பூச்சு ஓரங்களை நன்றாக மூட வேண்டும். கிளம்பிய ஓரத்துக்கு நீர்போன்ற சூப்பர் க்ளூ ஒரு துளி போதும். பூசியதும் வெளிறி மங்கினால், உள்ளே ஈரம் காயவில்லை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து தோல் வரவழைக்கலாமா?

பதில்: முதலில் இனத்தின் அறிவியல் பெயரைக் கேளுங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975-ல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் எல்லா மலைப்பாம்புகளும் உள்ளன. நாடு கடந்து வர ஏற்றுமதி அனுமதிச் சான்று வேண்டும். இந்தியா போன்ற நாடுகளில் பாதுகாக்கப்பட்ட பாம்பின் தோலை வைத்திருப்பதே குற்றம். பரிசுப்பொருள் என்று எழுதி அனுப்புவதாகச் சொல்லும் விற்பனையாளரிடம் பணம் கட்டாதீர்கள். சுங்கத்தில் பிடிபட்டால் பொறுப்பு வாங்கியவரையும் சேரும்.

கேள்வி: வில்லின் முதுகில் மயிரிழை விரிசல். பாம்புத் தோல் ஒட்டினால் தாங்குமா?

பதில்: தாங்காது. இழுவிசையைத் தாங்கும் வேலைக்குத் தசைநாரோ தடித்த பச்சைத் தோலோ மூங்கில் பட்டையோ வேண்டும். பாம்புத் தோல் ஈரத்தையும் கீறலையும் கொஞ்சம் தடுக்கும், மற்றபடி அலங்காரம். விரிசலை அது மறைக்கும் என்பதுதான் ஆபத்து. எய்யும் நேரத்தில் முகத்துக்கு அருகே முறியும்.

தோல் ஒட்டிய வில்லைக் கடையில் வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் எடுத்த முதுகுப் படத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் பக்கவாட்டில் வளர்ச்சி வளையக் கோடுகளை நுனி முதல் நுனி வரை தொடர்ந்து பாருங்கள். அவை பிளவுபட்டு முதுகில் ஓடி மறைந்தால், அந்த வில்லை அங்கேயே வைத்துவிடுங்கள்.