பக்கவாதத்தால் பேச முடியாத அப்பாவுக்கு மூளை-கணினி இடைமுகம் சிங்கப்பூரில் கிடைக்குமா?

மூளைத்தண்டில் பக்கவாதம், கை கால் அசைவில்லை, பேச்சில்லை, ஆனால் நினைவு தெளிவு என்று எழுதியிருக்கிறீர்கள். மூளையின் சமிக்ஞையைப் படித்துக் கணினியை இயக்கும் கருவிதான் இந்த இடைமுகம். அதில் மூளைக்குள் வைக்கும் சிப்பைச் சிங்கப்பூரில் இப்போது விலை கொடுத்து வாங்க முடியாது. நியூராலிங்க், சின்க்ரான் நிறுவனங்களின் கருவிகள் எல்லாம் மருத்துவச் சோதனையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான்.

முதலில் அப்பாவின் கண்ணைக் கவனியுங்கள். இந்தப் பாதிப்பில் பெரும்பாலும் கண் பக்கவாட்டில் நகராது, மேலும் கீழும் நகரும். மேலே பார்த்தால் ஆம், கீழே பார்த்தால் இல்லை. விடை தெரிந்த பத்துக் கேள்விகள் கேட்டுச் சரிபாருங்கள். இது நிலைப்படாமல், தலைக்கு வெளியிலிருந்தே மூளை அலையைப் படிக்கும் மின்முனைத் தொப்பிக்குச் செலவழிக்காதீர்கள். கருவியே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கையசைவை நினைக்கும்போது மாறும் மூளை அலையைப் பிரித்தறிய உலகெங்கும் பயன்படும் எஃப்பிசிஎஸ்பி என்ற கணிப்பு முறையே சிங்கப்பூரில் உருவானதுதான்.

அடுத்தது, எழுத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் பி300 தொப்பி. திரையில் எழுத்துகள் உள்ள 36 கட்டங்களில் 6 வரிசையும் 6 நெடுவரிசையும் மாறிமாறி மின்னும். நினைத்த எழுத்து மின்னிய ஏறக்குறைய 300 மில்லிவிநாடியில் பி300 என்ற மூளை அலை எழும். எட்டு மின்முனைகள் போதும். ஒரு மின்னலுக்கு 175 மில்லிவிநாடி என்றால் 12 மின்னலுக்கு 2.1 விநாடி. பத்துச் சுற்றுக்கு, அதாவது ஓர் எழுத்துக்கு, 21 விநாடி.

கெடுப்பவை சின்ன விஷயங்கள். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் மின்முனைக்குத் தடவும் ஜெல் தோலைத் தொடாது. முந்தைய இரவே ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை அலையை இழுத்துவிடும், ஏர்கான் கட்டாயம். காற்று மெத்தையின் பம்பும் சார்ஜரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தரும், தள்ளி வையுங்கள். பல்லைக் கடித்தாலும் அலை புதைந்துபோகும்.

என் ஆதங்கம் வேறு. 2024இல் கலிஃபோர்னியாவில், தசைகள் மெல்லச் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயாளி ஒருவர் பேச முயன்றதை மூளைக்குள் வைத்த 256 மின்முனைகளால் 97 சதவீதம்வரை சரியாகப் படித்தார்கள், ஆங்கிலத்தில். தமிழ் சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆயுள் முழுக்கத் தமிழில் பேசியவரிடம் ஏபிசிடி அட்டையை நீட்டுவது அநியாயம். 12 உயிர், 18 மெய், ஆய்தம் சேர்ந்து 31. அந்த 36 கட்டத்துக்குள் அடங்கிவிடும்! மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தேர்ந்தால் உயிர்மெய். ‘தண்ணீர்’ எழுத ஆறு தேர்வு, 126 விநாடி. மிச்சம் ஐந்து கட்டங்களில் இடைவெளி, அழி, வலி, தண்ணீர், கூப்பிடு என்று வையுங்கள். பணிப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாவிட்டால் கடைசி மூன்றின் கீழே அவர் மொழியிலும் எழுதிவிடுங்கள்.