தள்ளிப்போடுவது சோம்பலா, நோயா?

கேள்வி: எனக்கு வயது 41. வங்கியில் பணியாற்றுகிறேன். ஒன்பது மாதங்களுக்கு முன் அலுவலக மருத்துவ முகாமில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2 சதவீதம் என்று வந்தது. தினமும் நடக்கச் சொன்ன மருத்துவர், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பரிசோதிக்கச் சொன்னார். நடைப்பயிற்சிக்கென ஷூ வாங்கினேன், ஜிம்மில் ஓராண்டுக் கட்டணமும் கட்டினேன். ஆனால் ‘திங்கட்கிழமை முதல்’, ‘ஒன்றாம் தேதி முதல்’ என்று நாள் தள்ளிக்கொண்டே போகிறது. மறுபரிசோதனைக்கும் போகவில்லை. பதவி உயர்வுத் தேர்வுக்கு வாங்கிய புத்தகங்கள் பிரிக்காமலே கிடக்கின்றன. நான் சோம்பேறியா? இது மனநோயா? மாத்திரை ஏதும் உண்டா?

பதில்: தள்ளிப்போடும் பழக்கம் தனி நோயாக மருத்துவ வகைப்பாடுகளில் இடம்பெறவில்லை, அதற்கென்று மாத்திரையும் கிடையாது. உங்களைச் சோம்பேறி என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. செய்யாமல் விட்ட வேலை சோம்பேறியை உறுத்தாது. உங்களுக்கோ ஒன்பது மாதங்களாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது; அந்த உறுத்தலுடனேயே வங்கி வேலையையும் தவறாமல் பார்த்து வருகிறீர்கள்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோதி பிச்சில், அவருடன் இணைந்து ஆய்வுசெய்த ஃபுஷியா சிராய்ஸ் போன்ற உளவியலாளர்கள் இந்தப் பழக்கத்தை நேர நிர்வாகக் கோளாறாகப் பார்ப்பதைவிட உணர்ச்சியைக் கையாள்வதில் உள்ள சிக்கலாகவே பார்க்கிறார்கள். ஒரு வேலையை நினைத்த மாத்திரத்தில் பயமோ சலிப்போ தன்மீதே சந்தேகமோ எழுகிறது. ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒத்திவைத்ததும் மனம் லேசாகிறது. அந்த நிம்மதியை ருசித்த மூளை அடுத்த முறையும் அதே வழியை நாடுகிறது. ஷூ வாங்கிய அன்றும் ஜிம்மில் பணம் கட்டிய அன்றும் உங்களுக்குக் கிடைத்த திருப்தி, நடந்து முடித்தபின் வர வேண்டிய திருப்தியின் முன்பணம்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, நடக்காமல் இருப்பதைவிட, பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதுதான். 6.2 என்ற எண் 6.5 ஆகியிருக்குமோ என்ற அச்சம் உள்ளே இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால் அது மிக இயல்பான அச்சம். என்னிடம் வருபவர்களில் படித்தவர்களும் பொறுப்பானவர்களுமே அதற்கு ஆளாகிறார்கள். ஆனால் நாம் பார்க்கவில்லை என்பதற்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் நின்றுவிடுவதில்லை. ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. பலருக்கு அங்கிருந்து திரும்பி வர முடியும். 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாரம் 150 நிமிட உடலுழைப்பும் ஏழு சதவீத எடைக் குறைப்பும் இலக்காகக் கொண்டவர்களிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம்தான் குறைந்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய ஆய்விலும், பலன் அமெரிக்க ஆய்வைவிடக் குறைவாக இருந்தாலும், வாழ்க்கைமுறை மாற்றம் மாத்திரைக்கு ஈடாக நின்றது. மாத்திரை உண்டா என்று கேட்டீர்கள். நீங்கள் இருக்கும் கட்டத்தில், நீங்கள் ஒத்திப்போடும் அந்த நடையே முதல் மருந்து.

இனி, தொடங்குவது எப்படி என்பதற்கு வருவோம். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வரும் ஒரு முறை எளிமையானது: ‘நடக்க வேண்டும்’ என்று நினைப்பதோடு நிற்காமல், ‘இன்னது நடந்ததும், இன்ன இடத்தில், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவுசெய்து எழுதி வைப்பது. பிரிட்டனில் 248 மாணவர்களிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடற்பயிற்சியின் நன்மைகளை மட்டும் படித்தவர்களில் 35 சதவீதத்தினரே அந்த வாரம் பயிற்சி செய்தார்கள். நாள், நேரம், இடம் ஆகியவற்றையும் எழுதி வைத்தவர்களில் 91 சதவீதத்தினர் செய்தார்கள். ஆகவே நீங்கள் இப்படி எழுதுங்கள்: ‘காலையில் காபி குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடப்பேன், மழை பெய்தால் வீட்டுக் கூடத்திலேயே நடப்பேன்.’ பத்து நிமிடம் போதுமா என்று தோன்றும். நீரிழிவைத் தடுக்க அது போதாதுதான். ஆனால் இப்போது நமக்கு வேண்டியது, மனம் முரண்டு பிடிக்காத அளவுக்குச் சிறிய ஒரு தொடக்கம். இரண்டு, மூன்று வாரங்களில் அதைப் படிப்படியாக அரை மணி நேரமாக்கலாம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்துக்கு மீறிய மூச்சுவாங்கலோ இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஜிம்மில் கட்டிய பணத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதை நினைக்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சி வரும், அந்த உணர்ச்சி உங்களை மேலும் தள்ளிப்போட வைக்கும். தேர்வுப் புத்தகங்களையும் இரண்டு மாதங்களுக்கு அலமாரியில் வைத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. இரண்டு இலக்குகளை ஒரே நாளில் தொடங்கி இரண்டையும் கைவிடுவதைவிட, ஒன்று காலூன்றிய பிறகு மற்றதைக் கையில் எடுக்கலாம்.

ஒருநாள் தவறினால் எல்லாம் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் விட்டுப்போனது குறிப்பிடத்தக்க பாதிப்பை உண்டாக்கவில்லை. முதல் தேர்வுக்குப் படிக்காமல் ஒத்திப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே ஒத்திப்போட்டார்கள் என்று கார்ல்டனில் நடந்த மற்றோர் ஆய்வு காட்டியது. இதை வீட்டாருக்கும் சொல்லுங்கள். அவர்கள் இடித்துரைப்பதைவிட, கூட வந்து நடப்பது உங்களுக்கு உதவும்.

மனநோயா என்ற கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத சோர்வு, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம், வாழ்வதில் வெறுப்பு ஆகியவை சேர்ந்திருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பள்ளிப் பருவத்திலிருந்தே கவனம் நிலைக்காமல், தொடங்கியவற்றை முடிக்க முடியாமல் திணறி வந்திருந்தால், பெரியவர்களுக்கும் தொடரும் கவனக்குறைபாட்டுக் கோளாறைப் பற்றி மனநல மருத்துவர் ஆராய்வார். தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, குறட்டையுடன் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவையும் மனிதரை எழவிடாமல் செய்யும். மன உளைச்சலைப் பற்றி உடனே பேச வேண்டும் என்று தோன்றினால் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

நடைக்கும் முன்பாக, இந்த வாரமே பரிசோதனையை முடித்துவிடுங்கள். ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதால் வங்கியிலிருந்து திரும்பும் வழியிலேயே ரத்தம் கொடுத்துவிடலாம். தைராய்டையும் ஹீமோகுளோபினையும் அதோடு சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. ரத்தம் கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிவுத்தாளைத் தனியாகப் பார்க்கத் தயக்கமாக இருந்தால் வீட்டில் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, உறையைப் பிரிக்காமலே மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.