நூலகமும் விளையாட்டுக் கூடமும் ஒரே கூரையின் கீழ்: கட்டுவதற்கு முன் கேட்கப்பட்ட கேள்விகள்

சேலம் மாநகரிலும் சேர்வராயன் மலையிலும், நூலகமும் பொழுதுபோக்குக் கூடமும் சேர்ந்த பொதுக் கட்டடம் ஒன்றை எழுப்ப முயன்றுவரும் குடியிருப்போர் சங்கத்தினரும் இளைஞர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, அரசுக் கட்டடப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்று, இப்போது ஒரு படிப்பகக் குழுவில் பணியாற்றிவரும் பொறியாளர் அளித்த பதில்கள்.

கேள்வி (கன்னங்குறிச்சி, சங்கச் செயலாளர்): ஐயா, எங்களிடம் வரைபடம் தயாராக இருக்கிறது. தரைத்தளத்தில் நூலகம், மேல்தளத்தில் கேரம், டேபிள் டென்னிஸ், உடற்பயிற்சிக் கூடம். மொத்தம் 2,400 சதுர அடி. இதில் திருத்த வேண்டியவை உண்டா?

பதில்: வரைபடத்தைத் தற்போதைக்கு மூடி வையுங்கள். அதற்கு முன்பு வர வேண்டிய தாள் ஒன்று உங்களிடம் இல்லை. எந்த நேரத்தில் யார் வருவார்கள் என்று எழுதிய தாள் அது. காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை மணிவாரியாகக் கோடு போட்டு, ஒவ்வொரு மணிக்கும் எதிரே யார் வருவார்கள், எத்தனை பேர், உட்கார்ந்து படிப்பவர்களா, நின்று விளையாடுபவர்களா என்று இரண்டு வாரம் வீடுவீடாகக் கேட்டு நிரப்புங்கள். நம் ஊரில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர்களும் தறி ஓட்டுகிறவர்களும் மாலை ஐந்து மணிக்கு ஓய்ந்துவிடுவதில்லை. அவர்கள் நாளிதழ் படிக்க வருவது விடியற்காலையிலோ இரவு எட்டு மணிக்கு மேலோதான் இருக்கும். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்குப் பூட்டுவதையே மனத்தில் வைத்து வரையப்பட்ட கட்டடம் அவர்களுக்கு என்றும் பூட்டிய கட்டடமே.

அந்தத் தாள் நிரம்பிய பிறகு பார்த்தால், மேல்தளத்தில் டேபிள் டென்னிஸ் வைத்தது தவறென்று உங்களுக்கே தெரிந்துவிடும். பள்ளி முடிந்து பிள்ளைகள் படிக்க வரும் அதே ஐந்து மணிக்குத்தான் விளையாடுகிறவர்களும் வருவார்கள். பந்தின் ஓசையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தளத்தின் மேல் கால்கள் குதிக்கும் அதிர்வு கான்கிரீட் வழியாக நேராகக் கீழே இறங்கும், அதற்குக் கதவு போட முடியாது. விளையாட்டு எப்போதும் மண்ணின் மேல் இருக்கட்டும். நானே ஒருமுறை, செலவைக் குறைக்க எண்ணி, கேரம் அறைக்கும் படிப்பறைக்கும் நடுவே ஏழடிச் சுவரோடு நிறுத்திவிட்டு மேலே காற்றோட்டத்துக்கென்று திறந்து விட்டேன். ஸ்டிரைக்கர் பலகையின் விளிம்பில் மோதும் ஒவ்வொரு தடவையும் படிப்பறையில் எல்லாத் தலைகளும் ஒருசேர நிமிர்ந்தன. மூன்றாம் மாதம் சுவரைக் கூரைவரை உயர்த்தினோம். மிச்சப்படுத்திய தொகையைவிட அதற்கு அதிகம் செலவாயிற்று. இரண்டுக்கும் நடுவே சுவரை மட்டும் வைக்காமல், பண்டக அறை, கழிப்பறை, மாடிப்படி ஆகியவற்றை வரிசையாக வைத்துவிட்டால் அவையே ஓசையைத் தடுக்கும்.

கேள்வி (அம்மாபேட்டை): எங்கள் தெருவில் பழைய சமுதாயக் கூடம் ஒன்றின் மாடி காலியாக உள்ளது. அதில் ஆறாயிரம் நூல்களுடன் நூலகம் வைக்கலாமா? தளம் உறுதியாகத்தான் தெரிகிறது.

பதில்: கண்ணுக்கு உறுதியாகத் தெரிவது நூல்களின் எடைக்குப் போதாது. இந்தியத் தரநிலை 875இன் இரண்டாம் பகுதியின்படி, குடியிருப்பு அறையின் தளத்தை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்கு வடிவமைத்தால் போதும். நிலையான இருக்கை இல்லாத மக்கள் கூடத்துக்கு 500 கிலோ. நூல்களும் அதே அறையில் இருக்கும் வாசிப்பறைக்கு 400 கிலோ. நூல் அடுக்கு அறைக்கோ, அடுக்கு 2.2 மீட்டர் உயரம் வரை இருந்தாலே 600 கிலோ. அதற்கு மேல் உயரும் ஒவ்வொரு மீட்டருக்கும் இன்னும் 200 கிலோ. உங்கள் மாடி மக்கள் கூடத்துக்கென்றே கணக்கிட்டுக் கட்டப்பட்டிருந்தாலும் நடுவில் அடுக்குகளை நிறுத்த அது போதாது. வீட்டு மாடியைப் போலக் கட்டியிருந்தால் பேச்சே வேண்டாம்.

மேலும், மக்கள் வருவார்கள், போவார்கள். நூல்களின் எடையோ இரவும் பகலும் இறங்காது. தளம் ஒரேயடியாக உடைவதைவிட, ஆண்டுக்கணக்கில் மெல்லத் தாழ்ந்து, விரிசல் விட்டு, மழைநீர் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிப்பதுதான் வழக்கம். ஆகவே அடுக்குகளைக் கீழே இறக்கி, மாடியில் மேசை நாற்காலிகளை மட்டும் போடுங்கள். கீழே இடமே இல்லையென்றால், ஒரு கட்டமைப்புப் பொறியாளர் உத்திரங்களையும் கம்பியையும் சோதித்துச் சொன்ன பிறகு, உத்திரத்தின் நேர்மேலே, சுவரோரமாக ஒற்றை வரிசை மட்டும் வைக்கலாம். சேலம் நிலநடுக்க மண்டலம் மூன்றில், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதியில், வைத்து மதிப்பிடப்பட்ட ஊர் என்பதால், ஆளுயர அடுக்கு எதையும் சுவரோடு திருகி இறுக்காமல் விடாதீர்கள்.

கேள்வி (ஓமலூர்): ஐயாயிரம் நூல்களுக்கும் நாற்பது வாசகர்களுக்கும் எவ்வளவு இடம் தேவை?

பதில்: மூன்றடி அகலத் தட்டில் நெருக்கி அடுக்கினால் இருபத்தேழு நூல்கள் வரை நிற்கும், கால் பங்கைப் புதிய நூல்களுக்காகக் காலியாக விட்டால் இருபது. ஐந்து தட்டுகள் கொண்ட இருபக்க அடுக்கில் இருநூறு. ஆக இருபத்தைந்து அடுக்குகள் வேண்டும். இடையில் சக்கர நாற்காலி செல்ல நான்கடி வழி விட்டால் ஏறத்தாழ 500 சதுர அடி. வாசகர் ஒருவருக்கு 25 சதுர அடி வீதம் நாற்பது பேருக்கு 1,000 சதுர அடி. குழந்தைகள் மூலைக்கும் நூலகர் மேசைக்கும் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி): பல நூலகங்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே வந்து எல்லா இருக்கைகளையும் பிடித்துவிடுகிறார்கள். நானும் அவர்களில் ஒருத்திதான். ஆனால் நாளிதழ் படிக்க வரும் முதியவர்கள் நின்றுகொண்டே படிப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. புதிய கட்டடத்தில் இதற்கு வழி உண்டா?

பதில்: உங்கள் சங்கடம் நியாயமானது. தேர்வுக்குப் படிப்பவர் நூலகத்தின் நூலைத் தேடி வருவதில்லை. தம் குறிப்பேட்டுடன் எட்டு மணி நேரம் அமர ஒரு மேசை, மின்விசிறி, செல்பேசியை மின்னேற்ற ஒரு முனை, பயமின்றிச் செல்லத்தக்க கழிப்பறை ஆகியவையே அவருடைய தேவை. நாளிதழ் படிப்பவருக்கோ அரைமணி நேரம் போதும். வெளிச்சமும் வாசலுக்கு அருகில் ஓர் இருக்கையும் வேண்டும். இருவரையும் ஓர் அறையில் வைத்துவிட்டு ஒழுங்கு விதி எழுதி ஒட்டுவதால் பயனில்லை. தனி வாசல் கொண்ட படிப்பறையை ஒதுக்கினால், நூலகம் பூட்டிய பின்னும் இரவு பத்து மணி வரை அதை மட்டும் திறந்து வைக்க முடியும். அந்த வாசல் கட்டடத்தின் பின்புறம் இருக்கக் கூடாது. தெருவிளக்கின் ஒளி படும் முகப்பிலேயே இருக்க வேண்டும். இரவில் தனியே வீடு திரும்பும் மாணவியருக்கு அந்த ஒரு மாற்றம் போதும், வருவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க. நாளிதழ் பகுதியை முன் தாழ்வாரத்திலேயே, நீண்ட சாய்வு மேசைகளோடு அமைத்துவிடுங்கள். மேசையின் மேல் 300 லக்ஸ் வெளிச்சம் இருக்கும்படி விளக்குகளைத் தொங்கவிட வேண்டும்; உட்கூரையில் பதித்த அலங்கார விளக்குகள் படிப்பதற்கு உதவா.

இதனோடு ஒன்று சொல்லிவிடுகிறேன். மேற்கு வெயிலைப் படிப்பறையின் மேல் விடாதீர்கள். சித்திரை மாதச் சேலத்தில், மேற்குச் சுவரில் அகலமான கண்ணாடி வைத்த அறை மூன்று மணிக்கு மேல் எவருக்கும் பயன்படாது. மாடிப்படியையும் பண்டக அறையையும் மேற்கே தள்ளிவிட்டு, சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வையுங்கள்.

கேள்வி (அயோத்தியாபட்டணம், இளைஞர் மன்றம்): உள்ளரங்க இறகுப்பந்துத் திடல் இல்லாமல் பொழுதுபோக்கு மையம் என்று சொல்வதில் பொருளில்லை என்கிறோம். தங்கள் கருத்து?

பதில்: ஆசை தவறன்று, அளவைப் பாருங்கள். திடலின் கோடுகள் மட்டும் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். சுற்றிலும் இடம் விட்டால் ஏறத்தாழ 1,600 சதுர அடி. கூரையோ இரண்டு மாடி உயரத்தில் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு பேர் விளையாட, நாற்பது பேர் படிக்கும் இடத்தைவிடப் பெரிய இடம் போய்விடும். ஒரு டேபிள் டென்னிஸ் மேசைக்கு முப்பதுக்குப் பதினைந்தடி போதும். கேரம், சதுரங்கம், காலையில் யோகா, மாலையில் சிலம்பம் எல்லாம் ஒரே கூடத்தில் முறைவைத்து நடக்கும். இறகுப்பந்துக்கும் கபடிக்கும் வெளியில் இடம் ஒதுக்கி விளக்கு போட்டுவிடுங்கள். மன்றத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று எந்த நேரம் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். பிறகு எழுதுவதாகச் சொன்ன எந்த மன்றமும் எழுதி நான் பார்த்ததில்லை.

கேள்வி (சூரமங்கலம்): எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட இடம் முள்மண்டிக் கிடக்கிறது. அங்கே கட்டலாம்தானே?

பதில்: கட்டக் கூடாது. மனைப்பிரிவு ஒப்புதலின்போது பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒதுக்கப்பட்ட இடம் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் தீர்ப்பளித்துள்ளன. நோக்கம் நல்லதென்பதால் விலக்குக் கிடைக்காது. ஏரிப் புறம்போக்கும் அப்படியே. வருவாய்த் துறைப் பதிவேட்டில் இடத்தின் வகைப்பாட்டைப் பார்க்காமல் ஒரு செங்கல்லும் வாங்காதீர்கள். முள்ளை வெட்டி, நிழல் மரமும் கல் இருக்கையும் வைத்தால் அதுவே உங்கள் பொழுதுபோக்கு மையத்தின் பாதி. நூலகத்துக்கு மட்டும் வேறு இடம் தேடுங்கள்.

கேள்வி (கன்னங்குறிச்சி): சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, அந்தப் பணத்தில் கட்டித்தர மாட்டார்களா?

பதில்: நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் முயற்சியால் 1948இல் வந்த பொது நூலகச் சட்டம்தான் அந்த வரிக்கு அடிப்படை. இந்தியாவில் மாநில அளவில் அதுவே முன்னோடி. வரியை உள்ளாட்சி அமைப்பு வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்கிறது. அது மாவட்டம் முழுவதற்குமான நூலகப் பணிக்குரியது; உங்கள் தெருவின் கணக்கில் தனியே நிற்பதன்று. கட்டடத்துக்கு, சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதியையும், மக்கள் பங்களிப்போடு நடைபெறும் நமக்கு நாமே திட்டத்தையும் நாடலாம். கொல்கத்தாவிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையும் 1972 முதல் பொது நூலகங்களுக்கு உதவி வருகிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. பொது நூலகத் துறை நூலகத்தை ஏற்று நூலகரை அனுப்பினாலும், கேரம் அறையை அது பார்த்துக்கொள்ளாது. பார்க்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் முறையன்று. எனவே ஒரே கூரை, ஆனால் இரண்டு பூட்டு, இரண்டு மின் இணைப்பு, இரண்டு தண்ணீர்க் குழாய் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். மின்கட்டணம் யாருடையது என்ற சண்டையில் மூடிக் கிடந்த கூடங்களை நான் பார்த்திருக்கிறேன். துப்புரவுப் பணியாளர் ஊதியம், மின்சாரம், விளக்கு, குழாய்ப் பழுது ஆகியவற்றுக்கு மாதம் எவ்வளவு ஆகும், அதை யார் தருவார் என்ற பக்கம் இல்லாத திட்ட அறிக்கையில் எங்கள் குழு கையெழுத்திடுவதில்லை.

கேள்வி (ஏற்காடு, நாகலூர்): மலையில் கட்டும்போது தனியாகக் கவனிக்க வேண்டியவை யாவை? எங்கள் பிள்ளைகளுக்கு நூலகம் மிகத் தொலைவில் உள்ளது.

பதில்: முதலில் அனுமதி. 1990 முதல், ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கண்காணிப்பு மலைப்பகுதிகளில் உண்டு. ஏற்காடும் அதில் அடங்கும். அது தெரியாமல் கீழ்நாட்டில் கட்டுவதுபோலச் சரிவை வெட்டிச் சமன்செய்துவிட்டால், சட்டச் சிக்கலோடு மண்ணின் சிக்கலும் சேர்ந்து வரும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரே பெரிய மேடை வெட்டாமல், சரிவோடு படிப்படியாக இறங்கும் இரண்டு சிறு தளங்களாகக் கட்டுங்கள். மேலே ஒன்றில் நூலகம், கீழே ஒன்றில் விளையாட்டு. ஓசைச் சிக்கலும் தானே தீரும். தாங்குசுவரில் நீர் வெளியேறும் துளைகளை விட்டு, கட்டடத்துக்கு மேற்புறம் மழைநீரைத் திருப்பும் வாய்க்கால் வெட்ட வேண்டும்.

அடுத்தது பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபத்தைந்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் தாளிலும் அட்டையிலும் பூஞ்சை பிடிக்கும். மலையில் நான் முதன்முதலாக அமைத்த சிறு படிப்பகத்தில், காற்றோட்டம் வேண்டுமென்ற சமவெளிப் பழக்கத்தில், அடுக்குகளுக்கு நேர் எதிரே பெரிய சன்னல்களை வைத்தேன். ஐப்பசியில் பனிமூட்டம் சன்னல் வழியே நேராக நூல்களின் மேல் வந்து அமர்ந்தது. தை பிறப்பதற்குள் கீழ்த்தட்டு நூல்களில் சாம்பல் நிறம் படர்ந்துவிட்டது. இப்போது நான் சொல்வது இதுதான்: அடுக்குகள் வெளிச்சுவரைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி நிற்கட்டும், கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓரடி உயரட்டும், காலை வெயில் படும் கிழக்குச் சன்னலை வெயில் வந்த பிறகே திறக்கட்டும். ஓட்டுக்கூரையாக இருந்தால் அதன் கீழ் மரப்பலகை உட்கூரை தேவை.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் கம்பிக்கும் சிமெண்டுக்கும் ஏற்றுக்கூலி கூடும் என்பதால், சமவெளி மதிப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தை முதல் வைகாசிக்குள் அடித்தளமும் கூரையும் முடியுமாறு தொடங்குங்கள். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் ஆட்களும் கிடைக்க மாட்டார்கள், கூட்டம் போட்டாலும் யாரும் வர மாட்டார்கள்.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): முழங்கால் வலியுள்ள முதியோர் ஏறச் சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும்?

பதில்: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி. தரைமட்டம் இரண்டடி உயர்ந்திருந்தால் இருபத்துநான்கு அடியும், நடுவே நின்று இளைப்பாறச் சமதளமும், இருபுறக் கைப்பிடியும். மனையில் அவ்வளவு நீளம் இல்லையென்றால் தரைமட்டத்தைத் தாழ்த்துங்கள், சாய்தளத்தைச் செங்குத்தாக்காதீர்கள்.

கேள்வி (கன்னங்குறிச்சி): கடைசியாக ஒன்று. நன்கொடையாளர் பெயர்க் கல்வெட்டை எங்கே பதிப்பது என்பதில் சங்கத்தில் இப்போதே கருத்து வேறுபாடு.

பதில்: வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரைக் கேட்டிருப்பார்கள். அதைக் கொடுக்காதீர்கள், திறந்திருக்கும் நேரத்தையும் புதிதாக வந்த நூல்களின் பட்டியலையும் ஒட்ட அந்தச் சுவர் வேண்டும். கல்வெட்டு, மாடிப்படியின் முதல் திருப்பத்தில் இருக்கலாம்.