"ஏன் 30 இல்லை?" என்று கேட்கிற பிள்ளை

அக்கா, "உயர்தரச் சோதனைக்கு எட்டு மாதம்தான் கிடக்கு, மகன் இராப்பகலாக அணுகுண்டுக் கப்பலைப் பற்றியே வாசிக்கிறான்" என்று நீங்கள் போனில் அழாக்குறையாகச் சொன்னபோது நானும் கொஞ்சம் பயந்துதான் போனேன். பங்கருக்குள் இருந்து வளர்ந்த எங்களுக்குக் குண்டு என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து இணைந்த கணிதக் கொப்பியின் பின்பக்கத்தைக் காட்டினான். அதில் ஒரு குண்டும் இல்லை. 42 என்று எழுதி, கீழே இரண்டு கோடு அடித்து, பக்கத்தில் "ஏன் 30 இல்லை?" என்று கிறுக்கி வைத்திருக்கிறான்.

நல்ல கேள்வி அது. அணு ஏவுகணை சுமக்கிற அமெரிக்காவின் ஒகையோ வகை நீர்மூழ்கிகளை முதலில் 30 வருடம் ஓடுவதற்கென்றுதான் கட்டினார்கள், பிறகு கணக்குப் பார்த்து 42 ஆக்கினார்கள். 20 வருடம் ஓட்டம், நடுவில் 2 வருடம் துறையில் கிடந்து அணு உலைக்கு எரிபொருள் மாற்றுவது, திரும்ப 20. தரையில் உள்ளதெல்லாம் முதல் அடியிலேயே போனாலும் கடலுக்கடியில் ஒளிந்திருக்கிற ஒன்று திருப்பி அடிக்கும் என்ற பயத்தை எதிரிக்கு வைத்திருப்பதுதான் இவற்றின் வேலை, அதனால் எந்நேரமும் ஒன்றாவது கடலில் நிற்க வேண்டும். நாலே நாலு கப்பலை வைத்துக்கொண்டு பிரித்தானியா படுகிற பாட்டைப் பாருங்கள்: 25 வருடத்துக்கென்று கட்டிய வான்கார்ட் வகையில் முதலாவது சேவைக்கு வந்தது 1993 இல், மாற்றுக் கப்பல் 2030களில்தான் வரும். அதுவரை பழசை இழுக்க வேண்டியதுதான்.

எவ்வளவு காலம் இழுக்கலாம்? தம்பி மாட்டுப்பட்டு நிற்கிற இடம் அதுதான். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும், கப்பல் தாழும்போது அதன் உடல் நெரிபட்டு, மேலே வரும்போது தளரும். குறடு இல்லாத நேரம் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து முறிப்போமே, அதே கதை. வெடிப்பு முதலில் தேடப்படுகிற இடங்களில் ஒன்று வெல்டிங் பொருத்து.

இனி வேலை விஷயம். அந்தந்த நாட்டுப் பிரசை இல்லாதவனைப் பொதுவாக அணு நீர்மூழ்கிக்குக் கிட்டவே விடமாட்டார்கள், எங்கள் கடற்படையிடமோ நீர்மூழ்கியே இல்லை. இதை அவனிடமே நேரே சொல்லிவிட்டேன், முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் உலோகம் எப்போது முறியும் என்று பார்க்கிற ஆளைக் கப்பல், பாலம், கொதிகலன், எண்ணெய்க் குழாய் எல்லாவற்றுக்கும் தேடுகிறார்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி கைகொடுத்தால் மொறட்டுவையில் பதார்த்தப் பொறியியல், இல்லையென்றால் பேராதனையில் இயந்திரவியல். அதுவும் கைவிட்டால் என்.வி.கியூ என்ற தேசியத் தொழில் தகைமையில் வெல்டிங் முடித்து, காதுக்குக் கேட்காத கழியொலியால் பொருத்தைச் சோதிக்கிற பயிற்சி எடுக்கலாம், வளைகுடாப் பக்கம் அதற்கு நல்ல கிராக்கி இருக்கிறது. "வெல்டிங்கா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அவனுடைய அப்பம்மா வல்வெட்டித்துறை என்றீர்களே, அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓடியது. கப்பல் பைத்தியம் எங்கிருந்து வந்ததென்று இனி என்னிடம் கேட்கவேண்டாம்.

உலோகம் இழுபடுவதை அளக்கிற தகைப்பு, விகாரம், யங்கின் மட்டு எல்லாம் பௌதிகவியலில் வருவதுதான், கேட்டுப் பார்த்தேன், தண்ணீர்பட்ட பாடாக வைத்திருக்கிறான். இரசாயனவியலில்தான் மூன்று மாதமாக ஒரு கடந்தகால வினாத்தாளும் செய்யவில்லையாம். ஏசுவதென்றால் அதற்கு ஏசுங்கள், அந்தக் கொப்பியை மட்டும் பறிக்காதீர்கள். அடுத்த ஞாயிறு இரண்டு வினாத்தாள் செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.