முஸ்தபாவும் ஒரு ரூபாயும்

அன்புள்ள சார்,

நான் சேலம் அம்மாபேட்டையில் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஓசூரில் வேலை. சேலம் குகைப் பகுதியின் தறி வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததில் 'வீடியோ கேம் கடை' என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை வந்தது. படித்த அன்று ராத்திரியே லேப்டாப்பில் பழைய முஸ்தபா கேமை ஏற்றி ஆடினேன். காயின் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரத்தில் கடைசி வில்லனான பாஸையும் அடித்து முடித்துவிட்டேன். சின்ன வயதில் இரண்டாவது ஸ்டேஜைத் தாண்டியதே இல்லை. ஆனால் முடித்தபோது ஒன்றுமே தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா மகன், "இதுக்கா மாமா இவ்ளோ பில்டப்?" என்றான். அந்த கேம்களே அவ்வளவுதானா, இல்லை நமக்கு வயதாகிவிட்டதா? அப்புறம், அதற்கு முஸ்தபா என்று ஏன் பெயர் வந்தது?

க., ஓசூர்

அன்புள்ள க.,

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதன் சொந்தப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஜப்பானின் காப்காம் நிறுவனம் ஓர் அமெரிக்க காமிக்ஸை வைத்து 1993-இல் வெளியிட்டது. ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என்று நான்கு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆட வேண்டும். இந்த நான்கில் நம் வாயில் நுழைந்தது ஒன்றுதான். மெஸ் என்றால் நமக்குச் சோறு போடுகிற இடம். வேகமும் முஸ்தபாவுக்குத்தான் அதிகம், ஓடிவந்து விடுகிற அந்த உதையை மறக்க முடியுமா. ஆகவே கேமுக்கே அவர் பெயரை வைத்துவிட்டோம்.

சரி, மற்றதற்கு வருகிறேன். கேம் அவ்வளவுதான், நமக்கு வயதும் ஆகிவிட்டது. இரண்டும் உண்மை. ஆனால் உங்கள் லேப்டாப்பில் இல்லாமல் போனது காசு.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை முழுக்க ராட்டையில் தறிக்கு நூல்தார் சுற்றினால் ஒரு ரூபாய் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு குகையிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். அங்கே ஒரு சந்தில், அழுக்குத் திரைச்சீலைக்குப் பின்னால் நான்கு மெஷின்கள். ஸ்டிக் இடது கைப்பக்கம், பட்டன்கள் வலது கைப்பக்கம். ராட்டை சுற்றிப் பழகிய எனக்கோ வலது கைதான் சுழலும். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-இல் நெருப்புப் பந்து விட வேண்டுமானால் ஸ்டிக்கைக் கீழே இழுத்து, அப்படியே முன்பக்கமாக உருட்டிக் குத்துப் பட்டனைத் தட்ட வேண்டும். இடது கையில் அது வரவே வரவில்லை. கைகளைக் குறுக்கே போட்டு, வலது கையால் ஸ்டிக்கைப் பிடித்தேன். முதல் தடவையே பந்து போனது. கடைக்காரர் சிரித்தார். திரையில் அந்த ஆள் கத்துவது எங்கள் காதில் 'ஆடுகேன்' என்று விழும். ஏதோ 'ஆடுறேன்' என்று சொல்கிறான் என்றே வெகுநாள் நினைத்திருந்தோம்.

ஒரு ரூபாய் ஐந்து நிமிடம் தாங்கினால் பெரிது. மீதி மாலை என்ன செய்தோம்? வீட்டுக்குப் போகவில்லை, க. யாரும் காசு போடாத நேரத்தில் மெஷின் தானாகவே ஆடிக்காட்டும் இல்லையா, கீழே 'இன்சர்ட் காயின்' மின்னிக்கொண்டிருக்க? அப்போது போய் ஸ்டிக்கைப் பிடித்துக்கொள்வேன். திரையில் முஸ்தபா வலப்பக்கம் போனால் நானும் வலப்பக்கம் தள்ளுவேன். அவர் குதித்தால் பட்டனைத் தட்டுவேன். நாளாக ஆக அந்த வரிசை மனப்பாடமாகி, அவர் குதிப்பதற்குக் கொஞ்சம் முன்பே என் விரல் தட்டிவிடும். ஒருநாள் பின்னால் நின்ற புதுப் பையன் ஒருவன், "அண்ணா, பின்னாடி ஒருத்தன் வர்றான்" என்று பதறினான். நானும் 'தெரியும்' என்பதுபோலத் தலையாட்டினேன்.

கணக்குப் பார்த்தால் நான் ஆடிய நேரத்தைப்போல இருபது மடங்கு நின்று பார்த்திருப்பேன். ஏக்கம் என்று எனக்குள் இருப்பதும் ஆடியதைப் பற்றியதல்ல. அடுத்தவன் ரூபாய் கரைவதைப் பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோமே, அதைப் பற்றியது.

அந்த மெஷின்கள் செய்யப்பட்டதே அடுத்த காசுக்காகத்தான். அந்தக் காலத்துப் பல மெஷின்களின் உள்ளே, போர்டில், நகக்கண் அளவில் வரிசையாகச் சுவிட்சுகள் இருக்கும். ஒரு காசுக்கு எத்தனை லைஃப், கேம் எவ்வளவு கடினம் என்பதைக் கடைக்காரரே மாற்றிக்கொள்ளலாம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் கடையில் கூட்டம் நெரியும். அந்த வாரம் மட்டும் நாங்கள் சீக்கிரம் சீக்கிரமாகச் செத்துப்போவோம். விரல் வியர்த்து வழுக்குகிறது என்று நினைத்துக்கொண்டோம். இப்போது அந்தக் கடைக்காரர்மேல் சந்தேகமாக இருக்கிறது.

இத்தனைக்கும் இந்தக் கஷ்டத்தின் கதை ஒரு தற்செயலில் தொடங்கியது. 1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமில் 55 வேற்றுலக உருவங்கள் அணிவகுத்து இறங்கிவரும். அத்தனையையும் நகர்த்த அந்தக் காலத்துச் சில்லு திணறியது. நாம் சுட்டுக் குறைக்கக் குறைக்க அதன் பாரம் இறங்கி, மிச்சமிருப்பவை வேகமெடுத்தன. நிஷிகாடோ அதைச் சரிசெய்யாமல் விட்டுவிட்டார். ஜெயிக்க ஜெயிக்கக் கஷ்டம் கூடுவது எத்தனை நல்ல வியாபாரம் என்பது பின்னால் வந்தவர்களுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

எட்டாம் வகுப்பில் ஏற்காட்டுக்கு டூர் கூட்டிப்போனார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்தபடி மேலே போய்ச் சேர்ந்தோம். ஏரியில் எல்லோரும் படகேறினார்கள். நான் தலைவலி என்று கரையில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். மிச்சம் பிடித்தது ஏழு ரூபாய். திங்கட்கிழமை அரை மணி நேரத்தில் ஏழும் போயின. அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஏற்காடு போயிருக்கிறேன், அந்த ஏரியில் இன்றுவரை படகேறவில்லை.

ரொம்பவும் உருகிவிட வேண்டாம். அது பீடிப் புகை மண்டிய இடம். பெரிய பையன்கள் "ஒரு லைஃப் குடுடா" என்று கையைத் தட்டிவிட்டு ஸ்டிக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். பெண் பிள்ளை ஒருத்திகூட உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. என் தங்கையும் என்னோடு சேர்ந்துதான் தார் சுற்றினாள், அவளுக்கும் அதே ஒரு ரூபாய்தான். திரைச்சீலைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் இந்தக் கடிதத்தைப் படித்துக்காட்டியபோதுதான் கேட்டாள்.

ஒன்று செய்து பாருங்கள். இந்தப் பழைய கேம்களை ஓடவைக்கும் 'மேம்' மென்பொருளில், நீங்கள் வேறெதுவும் மாற்றி வைக்காவிட்டால், 5 என்ற எண்தான் காயின். உங்களுடையதும் அதுதான் என்றால், இன்று மூன்று முறைக்கு மேல் அழுத்தமாட்டேன் என்று அக்கா மகனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவனை உட்காரவிடாமல் உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கவையுங்கள். மூன்றாவது காசில், மிச்சமிருக்கும் உயிரைக் காட்டும் ரத்தக்கோடு ஒரு நூல் அளவுக்கு வந்து நிற்கும்போது, அதை ஏற்றிவிடும் கறியைத் திரையில் தேடி அவனே கத்துவான்: "மாமா, அங்க கறி கெடக்கு, எடு எடு!"