தோற்றவரின் தொண்டர்கள்

அன்புள்ள ஐயா,

2008 அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஒரே ஜனநாயகக் கட்சிக்குள் வேட்பாளராகப் போட்டியிட்ட ஹிலரி கிளிண்டனும் ஒபாமாவும் மாதக்கணக்கில் ஒருவரையொருவர் கிழித்தார்கள். அப்புறம் ஒரே மேடையில் நின்று சிரித்தார்கள். இது வெறும் நடிப்புதானே? இவர்களுக்காகச் சொந்த நண்பர்களோடு சண்டை போட்ட தொண்டர்கள் ஏமாளிகள்தானே?

கி.

அன்புள்ள கி.,

மேடைச் சிரிப்பில் கொஞ்சம் நடிப்பு இருந்திருக்கும். ஆனால் தொண்டர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதிர்க்கட்சியோடு மோதினால் கொள்கையைச் சொல்லி அடித்துக்கொள்ளலாம். பிரைமரியில், அதாவது ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், அதற்கு வழி குறைவு. 2002இல் இராக் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை ஹிலரி ஆதரித்தது, மருத்துவக் காப்பீட்டில் சில வேறுபாடுகள், அவ்வளவுதான். மிச்சம் எல்லாமே ஆள் சம்பந்தப்பட்டது. ஒரு பக்கம் முதல் பெண் அதிபர் என்ற கனவு, இன்னொரு பக்கம் முதல் கறுப்பின அதிபர் என்ற கனவு. இதில் தோற்றவர்களுக்குத் தங்களையே யாரோ தள்ளிவிட்டது போலத்தான் இருக்கும்.

புளோரிடாவும் மிச்சிகனும் கட்சி விதியை மீறி முன்கூட்டியே பிரைமரி நடத்தின. மே 31 அன்று கட்சியின் விதிக்குழு கூடி, மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடும் அந்த மாநிலப் பிரதிநிதிகளுக்கு ஆளுக்கு அரை ஓட்டு என்று முடிவு செய்தது. ஹிலரி ஆதரவாளர்கள் அரங்கிலேயே கொந்தளித்தார்கள். ஒபாமாவுக்குப் போடுவதைவிட எதிர்க்கட்சி வேட்பாளர் மெக்கெய்னுக்கே போடுவோம் என்றவர்களும் உண்டு. அந்தக் கோபம் நடிப்பில்லை.

ஒரே வாரத்தில், ஜூன் 7 அன்று, ஹிலரி விலகினார். அந்த உரையில் தன் ஆதரவாளர்களின் கோபத்தை அவர் கண்டிக்கவில்லை. பெண்களை மேலே ஏறவிடாமல் தடுக்கும் கண்ணாடிக் கூரையில் நீங்கள் 1.8 கோடி விரிசல் போட்டிருக்கிறீர்கள் என்று, தனக்கு விழுந்த ஓட்டுகளைக் குறிப்பிட்டுச் சொன்னார். எனக்காக உழைத்தது போல ஒபாமாவுக்காகவும் உழையுங்கள் என்று கேட்டதும் அதே உரையில்தான். தோற்றவர் தன் வாயால் சொன்னால்தான் அவருடைய ஆட்கள் கேட்பார்கள். வென்றவர் சொன்னால் அது எகத்தாளமாகக் கேட்கும்.

ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சின்ன ஊரில் இருவரும் ஒன்றாக மேடையேறினார்கள். ஊர்ப் பெயருக்கே ஒற்றுமை என்று பொருள். பிரைமரியில் அந்த ஊர் இருவருக்கும் ஆளுக்கு 107 ஓட்டுப் போட்டிருந்தது.

1980இல் இது நடக்கவில்லை. பிரைமரியில் அன்றைய அதிபர் கார்ட்டரிடம் தோற்ற டெட் கென்னடி கட்சி மாநாட்டில் அருமையாகப் பேசினார். ஆனால் கடைசி நாள் மேடையில் கார்ட்டரோடு கைகளை உயர்த்தி நிற்கும் அந்த ஒரு படத்தை மட்டும் அவர் கொடுக்கவில்லை. நவம்பரில் எதிர்க்கட்சி வேட்பாளர் ரீகன் 44 மாநிலங்களை வென்றார். பணவீக்கமும் ஈரான் பணயக்கைதி விவகாரமும் கார்ட்டரை ஏற்கெனவே சாய்த்திருந்தன, பழி முழுவதும் கென்னடிக்குப் போகாது. ஆனாலும் அந்த மேடை எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சரி, ஒபாமா தன் பங்குக்கு என்ன செய்தார்? டென்வரில் நடந்த கட்சி மாநாட்டில் ஹிலரியின் பெயரும் முன்மொழியப்பட ஒப்புக்கொண்டார். மாநிலம் மாநிலமாக ஓட்டுகள் அறிவிக்கப்பட்டபோது ஹிலரிக்கு விழுந்தவையும் அரங்கம் கேட்க வாசிக்கப்பட்டன. அவருக்காக உழைத்தவர்கள் அதைக் காதால் கேட்டார்கள். நியூயார்க்கின் முறை வந்தபோது ஹிலரியே எழுந்து, எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒபாமாவைக் குரல் ஓட்டால் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று முன்மொழிந்தார்.