புனேயிலிருந்து கோவை: டிசி தாமதமானால் மூன்றாம் வகுப்பில் சேர்க்க முடியுமா?

சேர்க்கலாம். அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ, டிசி வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 5 இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு கடிதத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பிறப்புச் சான்று, கடைசி மதிப்பெண் அட்டை, ஆதார் நகல்களோடு தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள்.

டிசி தர "ஒரு மாதம் ஆகும்" என்று புனே பள்ளி சொன்னால், கட்டணப் பாக்கி காரணமாக இருக்கலாம். பாக்கி இல்லையென்றால், மாணவர் விவரங்களைப் பதியும் மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் வேலையை முடிக்காமல் வைத்திருக்கலாம். காகித டிசி கைக்கு வந்தாலும், பழைய பள்ளி குழந்தையின் பெயரை அந்தத் தளத்தில் 'டிராப்பாக்ஸு'க்கு (பள்ளியை விட்டு வெளியேறிய மாணவர் பட்டியலுக்கு) விடுவிக்காவிட்டால் கோவைப் பள்ளியால் தன் பட்டியலில் ஏற்ற முடியாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்றே செய்ய வேண்டியது:
1. பழைய பள்ளி அலுவலகத்தில் குழந்தையின் பென் எண்ணை (யூடைஸ் பிளஸ் தரும் நிரந்தர மாணவர் எண்) வாங்குங்கள். மதிப்பெண் அட்டையிலேயே இருக்கலாம்.
2. டிராப்பாக்ஸுக்கு மாற்றியாயிற்றா என்று கேளுங்கள்.
3. பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே பள்ளிப் பதிவிலும் உள்ளனவா என்று பாருங்கள். புனேயில் அப்பா பெயரை நடுப்பெயராகச் சேர்த்து எழுதியிருப்பார்கள், இங்கே இனிஷியல். திருத்தம் வேண்டுமென்றால் ஊரை விட்டுக் கிளம்புமுன் முடித்துவிடுங்கள்.

அரசு உதவி பெறாத தனியார் பள்ளி என்றால் பிரிவு 5 கைகொடுக்காது. எழுத்தில் அவகாசம் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். கோவையில் தமிழ்ப் பாடம் இருக்கும், ஆகவே உயிர் எழுத்துகளையாவது இப்போதே தொடங்கிவிடுங்கள்.